வரி மேன்முறையீட்டில் வீணாகும் காசை யார் கட்டுவது?

ஆசிரியருக்கு,

சுன்னாகத்தில் சிறிய இரும்புக்கடை நடத்துகிறேன். எனக்கு வந்த வரி மதிப்பீடு ஒன்றை எதிர்த்து மேன்முறையீடு செய்தேன். விசாரணை கொழும்பில். இரவு பஸ் ஏறி 400 கிலோமீற்றர் போய், விடியற்காலையில் ஒரு தேநீர்க்கடையில் முகம் கழுவிக்கொண்டு நேரத்துக்கே போய் நின்றேன். எனக்காகப் பேச வேண்டிய கணக்காளர் வெறுங்கையோடு வந்தார். இரண்டு மாதம் முன்பே நான் கட்டிக் கொடுத்த பில்லுகள் அவருடைய அலுவலக யன்னலோரம் பையோடு கிடந்தனவாம். தவணை போட்டார்கள். அடுத்த முறை பையைத் திறந்தால் பாதிப் பில்லுகளில் எழுத்தே இல்லை. வெயில் சூட்டில் மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிட்டன. இரண்டு நாள் கடைப்பூட்டு, பஸ் காசு, அவருக்குக் கொடுத்த கட்டணம் எல்லாம் என் தலையில். மறுதரப்பு அலுவலர்களுக்கும் அந்த நாள் வீண்தான்.

லண்டனில் கணக்காளராக இருக்கும் என் மருமகனிடம் இதைச் சொன்னேன். அங்கே 2009 ஏப்ரல் முதல் வரி மேன்முறையீடுகளைக் கேட்பது முதனிலைத் தீர்ப்பாயத்தின் வரிப் பிரிவு. மிகச் சிக்கலானவை என்று ஒதுக்கிய வழக்குகள் தவிர, தோற்றவர் வென்றவரின் செலவைக் கட்டத் தேவையில்லை. ஆனால் வழக்கைத் தொடுத்ததிலோ, எதிர்த்ததிலோ, நடத்தியதிலோ ஒரு தரப்பு நியாயமற்று நடந்திருந்தால், 10ஆம் விதிப்படி மற்றவரின் செலவை அதனிடம் வாங்கலாம். வரித் திணைக்களத்துக்கும் இதே விதிதான். வீண் செலவு வைத்த பிரதிநிதியையே கட்டச் சொல்லவும் இடமுண்டு. தீர்ப்பு அனுப்பப்பட்டு 28 நாளுக்குள் கேட்க வேண்டும். வாதம் தோற்றுவிட்டது என்பது மட்டும் குற்றமாகாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கட்டச் சொல்லுமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், தனி ஆள் என்றால் கட்ட அவருக்கு வசதி உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கே மதிப்பீடு வந்து 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்கிறோம். அப்புறம் 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. அதற்கும் மேலே, சட்டப் பிரச்சினை இருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றம். இத்தனை படி ஏறுகிற சிறு வணிகருக்கு, மற்றவரின் அசட்டையால் போன காசாவது திரும்பக் கிடைக்க வேண்டும். அப்படித் தெளிவான விதி இங்கும் வேண்டும், இரு தரப்புக்கும். காலம் கடத்தவே மேன்முறையீடு போடுகிறவர்கள் எங்கள் வணிகர்களிலும் இருக்கிறார்கள். அவர்களும் கட்டட்டும். ஆனால் தோற்றவரெல்லாம் கட்ட வேண்டும் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால் நியாயம் தன் பக்கம் இருந்தாலும் வடக்கிலிருந்து சின்னக் கடைக்காரர் ஒருவரும் துணிந்து போகமாட்டார்.

வணிகர் சங்கங்களும் சட்டத்தரணிகளும் இதை நிதி அமைச்சுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மங்கிப்போன பில்லுகளை இன்னும் வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்றால் கொண்டுவந்து காட்டுவேன்.

இப்படிக்கு,
சிறு வணிகர் ஒருவர்,
சுன்னாகம்.