செம்மறிக்கு விழுந்த தப்பு: மலைப்பள்ளி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியின் தொடக்கப் பள்ளிகளைக் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற பருவத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சித்தாளில் இருந்த படம் உங்களுக்கு நினைவிருக்கும். சுருட்டை ரோமம், தொங்கும் வால், படத்துக்குக் கீழே பெயர் எழுத ஒரு கோடு. ஆட்டு மந்தை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அதில் ‘செம்மறி’ என்று எழுதியது. விடைக்குறிப்பில் ‘ஆடு’ என்று இருந்ததால் சிவப்பு மையில் தப்பு போடப்பட்டது.

போன மதிப்பெண் போகட்டும். வெள்ளாட்டின் வால் நிமிர்ந்து நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வைத்துத் தழையைக் கடிக்கும், செம்மறி குனிந்த தலை நிமிராமல் புல்லை மேயும். இவ்வளவும் தெரிந்த பிள்ளையை, தெரியாத பிள்ளையாக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். அதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பருவத்துக்கு ஒரு மாலை, பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போக அனுமதி கொடுங்கள்.

படத்தை மட்டும் பார்த்துப் படிப்பதால் என்ன ஆகிறது என்பதற்குக் கொம்பு ஒன்றே போதும். கொம்பிருந்தால் காளை, இல்லாவிட்டால் பசு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பசுவுக்கும் கொம்பு முளைக்கும். இங்கே ஜெர்சி, ஃபிரீசியன் கலப்பினக் கன்றுகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுகிறோம். அதனால் பிள்ளைகள் வழியில் பார்க்கிற பசு மொட்டைத் தலையோடு நிற்கிறது. மடியைப் பார், காம்பை எண்ணு, பசுவுக்கு நாலு, வெள்ளாட்டுக்கு ரெண்டு என்று கொட்டகையில் நின்று ஒருமுறை காட்டினால் இந்தக் குழப்பம் அன்றோடு தீர்ந்துவிடும். பசு எப்போதும் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்ற நினைப்பும் அப்படித்தான். கன்று ஈன்றால்தான் பால். அதற்குச் சினை ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். அடுத்த ஈற்றுக்கு முன்னால் இரண்டு மாதம் கறவையை வற்றவிட வேண்டும்.

எருமை என்றால் கறுப்பு என்று சுவர்ப்படம் சொல்கிறது. தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது குடியிருப்புகளில், இருக்கும் எருமை பெரும்பாலும் செம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், உடம்பெல்லாம் அடர்ந்த முடி, இரு பக்கமும் விரிந்து வளைந்த கொம்பு. இந்த மலையின் எருமை இந்த மலையின் வகுப்பறைச் சுவரில் இல்லை. படுகர் அட்டியில், அதாவது படுகர் ஊரில், எருமையை ‘எம்மெ’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளை, அந்தக் கறுப்புப் படத்தின் முன்னால் வாய் திறக்காமல் நிற்கிறது. செம்மறியும் அப்படியே. கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு இனக் கடாக்கள் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது நீலகிரிச் செம்மறி. மென்மையான கம்பளிக்குப் பேர்போனது. பைக்காரா சாலையில் சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இரண்டு இனமும் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகளை வண்டி ஏற்றித் தொலைதூரப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப் போக வழியிருக்கிறது, பக்கத்துக் கொட்டகைக்கு நடத்திப் போக வழியில்லை என்றால் எங்களுக்கு ஆத்திரம் வருகிறது. மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததற்கே வருகிறோம்.

மாலைக் கறவை மூன்று மணிவாக்கில் நடக்கும். அதனால் பள்ளி நேரத்துக்குள்ளேயே முடித்துவிடலாம். ஒரு தடவைக்குப் பத்துப் பிள்ளைகள் போதும், கூட்டம் கண்டால் மாடு மிரண்டு பாலை அடக்கிவிடும். நேர் பின்னால் இருப்பது மாட்டுக்குத் தெரியாது. பின்னங்காலைப் பக்கவாட்டிலும் வீசும். எனவே பிள்ளைகளைத் தோள் பக்கம் நிறுத்த வேண்டும். புதிதாக ஈன்ற மாட்டிடமும் எருமையிடமும் கொண்டுபோகக் கூடாது, எருமையைத் தள்ளி நின்று பார்த்தால் போதும். மாடுகளுக்குக் கோமாரி என்ற தொற்றுநோய் இருக்கும் காலத்தில் போகவே வேண்டாம். மற்ற நாளிலும் வாசலில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டு நுழைவது நல்லது. கன்றை ஊட்டவிட்டதும் மடி சுரப்பதையும், முதல் இரண்டு பீச்சைத் தனிக் கிண்ணத்தில் பீய்ச்சி மடிநோயைக் காட்டும் கட்டி பாலில் இருக்கிறதா என்று பார்ப்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். சுரப்பு ஐந்தாறு நிமிடம்தான் இருக்கும், அதற்குள் கறந்து முடிக்க வேண்டும் என்பதால் கறப்பவரிடம் அப்போது கேள்வி கேட்க வேண்டாம். கறந்து முடிந்ததும், சாதுவான மாடாகப் பார்த்து அதன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டுகிறோம். மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது, கீழே மட்டும் எட்டு. திரும்பும்போது எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கொட்டகை எங்களுடையது, மாடு எங்களுடையது, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் பொறுப்பையும் நாங்கள் ஏற்கிறோம். உங்களிடம் கேட்பது பருவத்துக்கு ஒரு மாலைக்கான அனுமதி மட்டும். அடுத்த பருவம் திறக்கும் முன்பே தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள். ‘செம்மறி’ என்று எழுதிய அந்தத் தாளையும் தயவுசெய்து திருத்திக் கொடுங்கள்.

பணிவுடன்,
நீலகிரியில் மாடு, எருமை, ஆடு வளர்ப்போர்