டர்ஹாமில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் இரண்டு விஷயம் சொன்னாய். உன் டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கத்தில் கூடைப்பந்து மேட்ச் பார்க்க டிக்கெட் கிடைத்ததையும், முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்தியதையும் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அப்புறம் வீடு தேடும் பேச்சு வந்தது. நார்த் கரோலினா சென்ட்ரல் யூனிவர்சிட்டி பக்கம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அது சரியான ஏரியா இல்லை, அந்தப் பக்கமே போகாதே" என்று அங்கே இருக்கும் நம்ம ஆட்கள் சொன்னார்களாம். நீயும் சரி என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எந்த ஊரிலும் ராத்திரி நேரம் பார்த்துத்தான் போக வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ கத்திவிட்டு வந்த அரங்கமும், போகாதே என்று சொல்லப்பட்ட அந்தக் கல்லூரியும் கூடைப்பந்து வரலாற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பி.டி. டீச்சர் மகள் அந்த ஊரிலேயே இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருக்கக் கூடாது. போனில் ஆரம்பித்தால் லேபுக்கு நேரமாச்சு என்பாய். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

கேமரன் அரங்கம் 1940-ல் திறக்கப்பட்டது. அதை வரைந்தவர் ஜூலியன் ஏபெல், பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பினக் கட்டடக் கலைஞர். நீ தினமும் கடந்து போகும் அந்தப் பெரிய தேவாலயமும் மேற்கு வளாகத்தின் பெரும்பாலான கட்டடங்களும் அவர் வரைந்தவைதான். அந்தக் காலத்தில் டியூக்கில் கறுப்பின மாணவர் ஒருவர்கூடச் சேர முடியாது. இளநிலைப் படிப்புக்கு முதன்முதலாகக் கறுப்பின மாணவர்களைச் சேர்த்ததே 1963-ல். ஏபெல் 1950-லேயே இறந்துவிட்டார். அவர் பெயர் வளாகத்தில் பலருக்கும் தெரியவந்தது 1986-ல். தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக மாணவர்கள் போராடிக்கொண்டிருந்தபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த அவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி மாணவர் பத்திரிகைக்கு எழுதினாள், இந்தக் கட்டடங்களை எங்கள் தாத்தா முறையில் ஒருவர் வரைந்தார் என்று. வளாகத்தின் நடு முற்றத்துக்கு அவர் பெயரை வைக்க 2016 வரை ஆனது.

இனி சென்ட்ரல். 1940-களில் அதன் பெயரே 'நீக்ரோக்களுக்கான வட கரோலினா கல்லூரி'. அங்கே கோச்சாக இருந்தவர் ஜான் மெக்லெண்டன். எனக்கு இந்த மனிதரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கூடைப்பந்தை 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். 1933-ல் அங்கே உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார் மெக்லெண்டன். விளையாட்டைக் கண்டுபிடித்தவரே வழிகாட்டி, ஆனால் கல்லூரி அணியில் அவரால் ஆட முடியாது, அது வெள்ளையர் அணி. நீச்சல் குளத்திலும் கறுப்பர்கள் இறங்கக் கூடாது. மெக்லெண்டன் இறங்கினார், குளத்துத் தண்ணீரையே வடித்துவிட்டார்கள். அதோடு அவர் விடவில்லை. நெய்ஸ்மித்தின் துணையோடு போராடி அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறக்க வைத்தார். ஒரு பையன் நீந்திய தண்ணீரை வடிக்க வேண்டும் என்று ஒரு கல்லூரிக்குத் தோன்றியிருக்கிறது பார். நான் பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தேன் என்று உனக்குத் தெரியும். 1920-ல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்தவர். எனக்கும் மெக்லெண்டனுக்கும் இந்த ஆட்டம் ஒரே ஊற்றிலிருந்துதான் வந்திருக்கிறது. கோர்ட்டுக்குள் ஆட விடப்படாத அந்த மனிதரிடமிருந்து எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டுமே. பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்டம், முழு கோர்ட்டும் ஆடுவதற்குத்தான் என்று நெய்ஸ்மித்திடம் மெக்லெண்டன் கற்றுக்கொண்டார். மற்ற அணிகள் பந்தை நிதானமாகக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நின்று எறிந்துகொண்டிருந்த காலத்தில், இவர் தன் பையன்களை ஓட ஓட வைத்தார். ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்து, கையில் விழுந்த நொடியே எதிர்க் கூடையை நோக்கி ஓட்டம். பந்து போனால் கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடிப்பு. ஃபாஸ்ட் பிரேக், ஃபுல் கோர்ட் பிரஸ் என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொடுப்பதை வளர்த்தெடுத்த முக்கியமான ஆட்களில் அவர் ஒருவர்.

1944-ல் அவர் அணி ஈகிள்ஸ் அந்த சீசன் முழுவதும் ஒரே ஒரு மேட்ச்தான் தோற்றிருந்தது. இருந்தாலும் பெரிய தேசியப் போட்டிகளில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடமில்லை. அதே ஊரில் டியூக் மருத்துவப் பள்ளியில், ஆம், நீ வேலை செய்யும் அதே இடத்தில், போர்க்கால ராணுவத் திட்டத்தில் வந்து படித்துக்கொண்டிருந்த வெள்ளையர்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே வேறு வேறு கல்லூரிகளில் நன்றாக ஆடியவர்கள். இரண்டு கல்லூரி ஒய்.எம்.சி.ஏ. மாணவர்களும் ரகசியமாகச் சந்தித்து ஜெபக்கூட்டம் நடத்துவது உண்டு. அங்கேதான் பேச்சு வளர்ந்தது, ஊரிலேயே நல்ல டீம் யாருடையது என்று.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடக் கூடாத காலம் என்பதால், ஊரே சர்ச்சில் இருக்கும், போலீஸும் அவ்வளவாக இருக்காது என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். டியூக் பையன்கள் இரவல் கார்களில் சுற்றுவழியாக வந்து, மேல்சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஜிம்முக்குள் நுழைந்தார்கள். மெக்லெண்டன் கதவைப் பூட்டினார். பார்வையாளர்கள் கிடையாது. விஷயம் கசிந்து, சில மாணவர்கள் மட்டும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் தடுமாற்றம். பாஸ் கைநழுவுகிறது, சுலபமான ஷாட் தவறுகிறது. வெள்ளையரோடு உரசிக்கொண்டு ஆடுவது ஈகிள்ஸ் பையன்களுக்கு வாழ்க்கையில் அதுவரை நடக்காத காரியம். ஒரு தள்ளு தள்ளினால் என்ன ஆகுமோ என்ற பயம் இருக்காதா? முதல் பாதியின் நடுவில், இவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தான், இவர்களை ஜெயிக்கலாம் என்று திடீரென்று உறைத்ததாக அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். அதற்கப்புறம் மெக்லெண்டனின் ஓட்டத்துக்கு டியூக் பையன்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. முடிவு 88-44. சரியாக இரண்டு மடங்கு.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு இரண்டு அணியையும் கலந்து, ஒரு பக்கம் சட்டையோடு, இன்னொரு பக்கம் சட்டையில்லாமல், இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். அப்புறம் மாணவர் விடுதியில் உட்கார்ந்து பேசினார்கள். டியூக் அணியில் ஆடிய ஒரு பையன், ரொம்ப சந்தோஷமாக இருந்தது, தன் அணியில் இருந்த தெற்கத்திக்காரர்களின் எண்ணம்கூட மாறிவிட்டது என்று வீட்டுக்கு எழுதியிருக்கிறான். கறுப்பினப் பத்திரிகை நிருபர் ஒருவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் மெக்லெண்டனுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1996-ல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய பிறகே உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த பயம் வீண் பயம் இல்லை. நான்கே மாதத்தில், ஜூலை 8 அன்று, அதே டர்ஹாமில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினச் சிப்பாய், ராணுவ உடுப்பில் இருந்தவர், பஸ்ஸில் பின்னால் போய் உட்கார் என்று சொன்னதற்கு வாக்குவாதம் செய்தார். கீழே இறங்கியவரை டிரைவர் சுட்டுக் கொன்றான். ஜூரி அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1966-லிருந்து ஆரம்பிப்பார்கள். டெக்சஸ் வெஸ்டர்ன் அணி கல்லூரிகளின் தேசிய இறுதிப் போட்டியில் ஐந்து கறுப்பின வீரர்களோடு இறங்கி, கோச் அடால்ஃப் ரப்பின் முழு வெள்ளை கென்டக்கி அணியை 72-65 என்று தோற்கடித்த கதை. அருமையான ஆட்டம்தான். ஆனால் அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது போல முடிப்பார்கள் பார், அது எனக்குப் பிடிக்காது. கென்டக்கிக்காக முதல் கறுப்பின வீரர் ஆடியது 1970-71 சீசனில். 1967-ல் கல்லூரி ஆட்டங்களில் டங்க் அடிப்பதையே, அதாவது எம்பிக் குதித்து மேலிருந்து பந்தை வளையத்துக்குள் திணிப்பதையே, தடை செய்தார்கள். 1976 வரை அந்தத் தடை இருந்தது. காயம் ஏற்படுகிறது, வளையம் உடைகிறது என்று காரணம் சொன்னார்கள். டங்க் அடிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், இதில் பாகுபாடு வாடை அடிக்கிறது என்று அன்றைக்கே சொன்னார் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார். அவர் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம்.

முதலில் உள்ளே போனவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு பெரி வாலஸைப் படி. நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். தெற்கத்திக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் தென்கிழக்கு கான்ஃபரன்ஸில் கூடைப்பந்து ஆடிய முதல் கறுப்பின வீரர், 1967-68 சீசன். மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் ஒரு மேட்ச். கண்ணருகே அடிபட்டு டிரெஸ்ஸிங் ரூமில் ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறான் பையன். வெளியே கூட்டம் முழுக்க வசவு. ஹாஃப் டைம் முடிந்ததும் டீம் அவனை உள்ளேயே விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கூச்சலுக்குள் அவன் தனியாக நடந்து வர வேண்டியிருந்தது. கூட ஒருவன் நின்று, வா போகலாம் என்று தோளில் கை போட்டிருந்தால் போதும். அணிக்காரர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, அவர்களுக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாலஸ் இன்ஜினியரிங் முடித்து, பிறகு சட்டப் பேராசிரியர் ஆனார். 2017-ல் இறந்தார்.

உன் டியூக்கிலும் அதேதான். முதல் கறுப்பின வீரர் சி.பி. கிளெய்போர்ன் 1965-ல் வந்தார். அணிக்கு விருந்து வைத்தார்கள், கறுப்பர்களை உள்ளே விடாத ஒரு கிளப்பில். பேச்சுத்துணைக்கும் சாப்பாட்டுக்கும் அவர் தேடிப் போன இடம் எது தெரியுமா? சென்ட்ரல். உன்னைப் போகாதே என்கிறார்களே, அதே வளாகம்.

மிச்சம் இன்றைக்கும் இருக்கிறது. தெற்கில் பள்ளிகளை இணைத்தபோது கறுப்பினப் பள்ளிகளைத்தான் மூடினார்கள், அங்கிருந்த கோச்சுகளில் பலர் வேலை இழந்தார்கள் அல்லது உதவியாளர்களாக இறக்கப்பட்டார்கள். பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வாத்தியாரை வெளியே தள்ளியதை, ஓர் ஆசிரியையாக என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை. பக்கத்துச் சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குக் கறுப்பினத் தலைமைக் கோச் வந்தது 2021-ல்தான். மார்ச் மாதம் நடக்கும் கல்லூரிகளின் தேசியப் போட்டியின் டிவி உரிமையை 2010-ல் 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றார்கள். களத்தில் ஓடும் பிள்ளைகளில் ஏகப்பட்ட பேர் கறுப்பினப் பிள்ளைகள். அவர்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில்கூடச் சம்பாதிக்க 2021 ஜூலை வரை அனுமதி இல்லை. மெக்லெண்டன் 1957, 58, 59 என்று தொடர்ந்து மூன்று வருஷம் டென்னசி ஏ அண்டு ஐ கல்லூரி அணிக்கு என்.ஏ.ஐ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 1979-ல் அவரை நெய்ஸ்மித் பெயரில் இருக்கும், கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது 'பங்களிப்பாளர்' என்றுதான் சேர்த்தார்கள். கோச் என்று சேர்த்தது 2016-ல். அவர் 1999-லேயே போய்விட்டார்.

நம்ம ஆட்களிடமும் இதைச் சொல்லு, கோபப்படாமல் சொல்லு. நம்மைப் போன்றவர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் 1965-ல் வந்தது. கறுப்பின மக்கள் தெருவில் அடி வாங்கிப் போராடி, நிறப் பாகுபாட்டுச் சட்டங்களை உடைத்த அதே வருஷங்கள். அதனால் வந்த நன்மையை வாங்கிக்கொண்டு, அவர்கள் வாழும் பக்கம் போகாதே என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது.

சென்ட்ரலில் 'மெக்டூகல்ட்-மெக்லெண்டன்' என்று அவர் பெயரிலேயே அரங்கம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பார்த்துப் போய்வா, தனியாகப் போகாமல் லேபில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. பெண்கள் அணி மேட்ச் இருந்தால் இன்னும் நல்லது. பந்து போனவுடன் அவர்கள் முழு கோர்ட்டிலும் பிரஸ் போடுகிறார்களா, முதல் ஆள் எங்கே நிற்கிறாள், இரண்டாவது ஆள் எப்போது வந்து சேருகிறாள் என்று கொஞ்சம் வீடியோ எடுத்து அனுப்பு. போர்டுக்குப் பின்னால் இருந்து எடுத்தால்தான் தெரியும், பக்கவாட்டில் வேண்டாம். குடியரசு தினப் போட்டிகளுக்கு என் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டாவது ஆள் எப்போதும் ஓர் அடி தாமதமாகவே வருகிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா