தோட்டத்துப் பேச்சு என்றால் குடிகாரன் பேச்சா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பேச்சுப் போட்டிகளின் தரம் குறைந்து வருவதாகச் சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தோட்டப்புறப் பிள்ளைகள் மேடை ஏறினால் ‘எஸ்டேட் இழுவை’ காதைக் குத்துகிறதாம். அதற்கு மதிப்பெண் குறைத்தால்தான் திருந்துவார்களாம். மலேசியாவில், பேராவின் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர்த் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் சொல்ல இருக்கிறது.

ழகரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மேடையில் ‘வாளப்பளம்’ என்றால் திருத்தத்தான் வேண்டும், அது வாத்தியார் வேலை. ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் ‘தோட்டத்து ஆள், படிக்காதவன்’ என்று முடிவுகட்டுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மதுரை, நெல்லைப் பக்கம் போனாலும் பேச்சில் இதே ளகரம்தான். யாழ்ப்பாணத்தாரும் அப்படித்தான் ஒலிக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரிய கிராணியாக வந்த யாழ்ப்பாணத்தார் பேசினால் ‘ஆகா, சுத்தத் தமிழ்’ என்றார்கள். அவருக்குக் கீழே ரப்பர்ப் பால் வெட்டியவர் அதே ஒலியில் பேசினால் கொச்சை. ஒலி ஒன்றுதான், உட்கார்ந்திருந்த இடம்தான் வேறு.

இந்தப் பேச்சு எப்படி உருவானது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சேலத்துக் குடும்பம், பக்கத்து வீட்டில் திருச்சி, எதிரில் ஆர்க்காடு, கடைசி வீட்டில் தெலுங்கர். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இங்கே இருந்தவர்களின் பேச்சு ஒன்றோடொன்று கலந்து, மலாயையும் சேர்த்துக்கொண்டு, தன் வழியில் வளர்ந்தது. 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நடைமுறையில் பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எந்தப் பண்டிதரும் வந்து உச்சரிப்பு சொல்லித் தரவில்லை. அப்படியும் தமிழை விடாமல் வைத்திருந்தது இந்த லயத்துச் சனங்கள்தான்.

அப்புறம் அந்த இழுவை. இருட்டு விலகும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுவிட்டு மர நிரைக்குள் போனால், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கும் அக்கா, நாலு நிரை தள்ளி நிற்கும் மகனைக் கூப்பிடுவார்: “டேய்ய்ய்… மங்கு கவுந்து கெடக்கு பாருடாஆஆ!” மங்கு என்றால் பால் பிடிக்கும் கிண்ணம். நறுக்கென்று பேசினால் அந்த மரங்களைத் தாண்டிப் போய்ச் சேராது. இழுவை அங்கேதான் பிறந்தது என்பது என் சொந்த ஊகம். மொழியியல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

கித்தா என்ற ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. லயத்தைக் காலி செய்து சனங்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். பேச்சும் கூடவே போனது, கெட்ட பெயரும் போனது. என் பேத்தி ஈப்போவில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தாள். மலாயும் ஆங்கிலமும் முடிந்தபின், பேட்டி எடுத்த தமிழர் தமிழில் ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னதும், “எந்தத் தோட்டம்?” என்று ஒரு சிரிப்பு. அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாமான் என்ற பட்டணத்துக் குடியிருப்பு வீட்டில். வேலை கிடைத்துவிட்டது, சரி. ஆனால் இன்றுவரை அந்த ஆபீசில் தமிழர்களிடம்கூட அவள் மலாயில்தான் பேசுகிறாள். தமிழ் வாழ வேண்டும் என்று மேடை போடுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

நம் தொலைக்காட்சி நாடகங்களைப் பாருங்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனும், பாராங் கத்தி தூக்கும் குண்டர் கும்பல்காரனும் தோட்டத்துத் தமிழ் பேசுவார்கள். டாக்டரும் ஆசிரியையும் மட்டும் சென்னை வாடையில் பேசுவார்கள். மதுரைப் பேச்சென்றால் அரிவாள், கோவைப் பேச்சென்றால் மரியாதை என்று தமிழ்நாட்டுச் சினிமா போட்ட அதே பாதைதான். தோட்டத்தாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முடிவெட்டும் கடைக்கு தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஊர்ப் பையன் ‘இன்னாண்ணே’ என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

போட்டி நடத்துபவர்களுக்கு ஒன்று: கருத்துக்கும், சொல் தெளிவுக்கும் மதிப்பெண் போடுங்கள். இழுவைக்கு வெட்டுகிறீர்கள் என்றால் அதைப் போட்டி விதியிலேயே எழுதிவிடுங்கள். பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் சிரிப்புப் பக்கத்தில் வாராவாரம் தள்ளாடி வருகிற குடிகாரரும் எங்கள் பேச்சைத்தான் பேசுகிறார். அவரை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரம் மட்டும் அவருக்குக் கோலாலம்பூர்ப் பெரிய மனிதர் பேச்சைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறு உங்களுக்கு எத்தனை கடிதம் வருகிறது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேரா.