காலனித் தெரு என்றே போடு

உசிலம்பட்டி

அன்புள்ள மாயாண்டி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே இரண்டு பேருக்கும் நிம்மதி. படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே. போலீஸ் ஸ்டேஷனில் அய்யா சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவன்தானே நீ! உன் தங்கச்சிக்குச் சுகர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மல்லிகைக்குத்தான் விலை இல்லை.

பேரனுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் என்கிறாய். "மெஷினுக்குச் சாதி தெரியாது தாத்தா" என்று அவன் சொன்னானாம். "கணக்கு வாத்தியார் நீ என்ன சொல்கிறாய்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அதைப் பற்றிப் படித்துவிட்டு எழுதலாம் என்றுதான் தாமதம்.

அமெரிக்காவில் ஓக்லாந்து என்று ஒரு ஊர். அங்கே போலீஸ் 2010-ல் போட்ட போதைப்பொருள் கேஸ்களை எடுத்து, பிரெட்பால் என்ற மென்பொருளின் கணக்கில் ஏற்றிப் பார்த்தார்கள் கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 2016-ல் வெளியானது. போதைப்பொருள் பழக்கம் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, கறுப்பர் வெள்ளையர் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்பது சர்வேயை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஆனால் மென்பொருள் "இங்கே போ, இங்கே போ" என்று காட்டியது, ஏற்கெனவே கேஸ் குவிந்து கிடந்த ஏழைகளும் கறுப்பர்களும் வாழும் பகுதிகளைத்தான். அதன்படி ரோந்து போனால் வெள்ளையரைப் போல இரண்டு மடங்கு விகிதத்தில் கறுப்பர்கள் போலீஸ் கண்ணில் படுவார்கள்.

அந்தக் கணக்கின் மூலம் எது தெரியுமா? நிலநடுக்கம் வந்த இடத்தில் பின்னதிர்வு எங்கே வரும் என்று பார்க்கும் சூத்திரம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூமி யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஆடும். கேஸ் அப்படியா? போலீஸ் போன இடத்தில்தான் கேஸ். கேஸ் இருக்கிறது என்று மறுபடி போனால் இன்னும் கேஸ். அதையும் மெஷினுக்கே ஊட்டினால், தான் சொன்னது பலித்துவிட்டது என்றுதானே அது நினைக்கும்? லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 2020-ல் இதைக் கைவிட்டது. அதே வருடம் சாண்டா குரூஸ் நகரம் இந்த மாதிரி மென்பொருளுக்கே தடை போட்டது. அந்த ஊர்தான் இதை முதலில் வாங்கிய ஊர்களில் ஒன்று.

சரி, ஓக்லாந்தை விடு. நீ ரைட்டராக இருந்த ஸ்டேஷனுக்கு ஒரு மாதக் கடைசியில் உனக்குச் சோறு கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பெஞ்சுக்குக் கீழே இரண்டு பையன்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் காலில் செருப்பு இல்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பெட்டி கேஸ் கணக்குக்காகக் கூட்டி வந்ததாக நீயே காதோடு சொன்னாய். கார்பன் தாளைச் சொருகி "சந்தேகத்திற்கு இடமான வகையில்" என்று எழுதிவிட்டு, இடம் எது போடட்டும் என்று கேட்டாய். "காலனித் தெருன்னே போடுய்யா" என்றார் அய்யா. நீ போட்டாய். நானும் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

அந்தத் தாள் இன்று எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ. அதில் சாதி என்று ஒரு கட்டம் இருக்க வேண்டியதில்லை மாப்ளே, தெருப் பெயர் போதும்.

நம் தாத்தாக்களை நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தில், அதான் நம் ஊரில் சொல்லும் ரேகைச் சட்டத்தில், பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று எழுதி, பெருவிரலை மையில் அமுக்கினார்கள். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு விழுந்த பதினாறு பேரின் கதையைச் சொல்லாமல் என் அப்பத்தா ஒருநாளும் எங்களைத் தூங்கவைத்ததில்லை. அந்தச் சட்டத்துக்கும் கையில் ஒரு பதிவேடு இருந்தது, அதிலும் எல்லாம் வரிசையாக, சுத்தமாகத்தான் எழுதியிருந்தது.

பேரனைத் திட்டாதே, நல்ல பிள்ளை. அவனிடம் வரும் தகவலில் "சம்பவ இடம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை யார், எப்படி நிரப்பினார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ சொல்லலாம். சங்கடமாகத்தான் இருக்கும், எனக்கும் இதை எழுத அப்படித்தான் இருந்தது.

மாசிப் பச்சைக்கு வருவாய்தானே? பஸ்ஸில் வராதே, அந்தப் படி உனக்கு ஆகாது. அவனையே காரில் கூட்டி வரச் சொல்.

உன்,
பெருமாள்