நடுநிலைப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, என்னென்ன தீர்மானம் போட்டோம் என்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பொதுக்குழு ஒரு முறையும் செயற்குழு ஆறு முறையும் கூடின. தீர்மானப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: கற்றல் மேம்பாட்டுத் திட்டம். இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான வேலை அதுதான். சொதப்பிய வேலையும் அதுதான்.

6, 7, 8ஆம் வகுப்புகளில் படிப்பு ஏன் தேங்கி நிற்கிறது என்று பார்த்து, பள்ளியோடு சேர்ந்து ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். துணைக்குழு அமைத்தோம். ஒன்றரை மாதம் உட்கார்ந்து எழுதியதில் 14 பக்கத்துக்கு ஒரு திட்டம் வந்தது. 23 இலக்குகள். ‘கணிதத் தேர்ச்சியை உயர்த்துதல்’, ‘வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’, ‘கற்றல் சூழலை வலுப்படுத்துதல்’ என்று எல்லாமே ‘தல்’ என்றுதான் முடியும். அட்டை போட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்தோம். எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன், அது ஒன்றுக்கும் உதவவில்லை.

ஆசிரியர்களிடம் அதை வாசித்துக் காட்டிய அன்று, கணித ஆசிரியை கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். திங்கட்கிழமை முதல் பீரியட்ல நான் எதை மாத்திச் செய்யணும்?” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 14 பக்கத்தில் அதற்கு மட்டும் பதில் இல்லை.

இன்னொரு கோளாறும் அதில் இருந்தது. தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகளைப் பட்டியல் எடுத்து, அவர்களுக்கு மட்டும் சிறப்பு வகுப்பு வைப்பது என்று எழுதியிருந்தோம். கணக்குப்படி அது சரிதான். அவர்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் தேர்ச்சி விகிதம் சட்டென்று ஏறிவிடும். ஆனால் ரொம்பவும் பின்தங்கிய பிள்ளை கிடக்கும் இடத்திலேயே கிடக்கும், நன்றாகப் படிக்கும் பிள்ளையையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் எண்ணை வைத்தே எல்லா முடிவையும் எடுக்கத் தொடங்கினால் அந்த எண்ணும் கெட்டுப்போகும், அது அளக்க வந்த காரியமும் கெட்டுப்போகும் என்பது அவர் வாதம். பட்டியலைத் திரும்பப் பெற்றோம்.

“மார்க் பட்டியலை மூடி வைங்க, விடைத்தாளை எடுத்துக்கிட்டு உட்காருவோம்” என்று சொன்னவர் தலைமையாசிரியர். ஒரு சனிக்கிழமை மதியம் 7ஆம் வகுப்பு அறையில் உட்கார்ந்தோம். பிள்ளைகளின் பெயர் இருக்கும் மேல்பகுதியை மடித்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். நான்கு ஆசிரியர்கள், ஐந்து பெற்றோர். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, ஒரே தவறு இருக்கும் தாள்களை ஒரே அடுக்காக வைத்துக்கொண்டே போனோம். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

பின்னக் கூட்டலில்தான் முதல் அடுக்கு வளர்ந்தது. 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என்று தாளுக்குத் தாள் எழுதியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிட்டார்கள். கவனக்குறைவு என்று இதற்கு முன் நாமே திட்டியிருப்போம். அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி எப்படிக் கவனம் குறையும்? பிள்ளைகள் ஒரு விதியைக் கையில் வைத்திருக்கிறார்கள், அந்த விதி தவறு, அவ்வளவுதான். 0.35, 0.8 இரண்டில் எது பெரியது என்ற கேள்வியிலும் அதே கதை. 8ஐவிட 35 பெரியது என்று நினைத்து 0.35 என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த அடுக்கில் இருந்தது ஒரு வாக்கியக் கணக்கு. ‘ஒருவனிடம் 12 பந்துகள் இருக்கின்றன. இது அவன் தங்கையிடம் இருப்பதைவிட 5 அதிகம். தங்கையிடம் எத்தனை?’ விடை 7. பலருடைய தாளில் 17. கணித ஆசிரியை அந்த அடுக்கைத் தமிழ் ஆசிரியரிடம் நகர்த்திவிட்டு, “இது உங்க பாடம் சார்” என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் சரியாகச் சொன்னார். ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே கூட்டிவிடுகிறார்கள். ‘இது’ என்பது எதைச் சுட்டுகிறது என்று நின்று படிக்கவில்லை. கூட்டல் கழித்தல் தெரியாத பிள்ளை ஒன்றுகூட அந்த அடுக்கில் இல்லை.

அன்றைக்கே இன்னொன்றையும் சோதித்துப் பார்க்க நினைத்து, திங்கட்கிழமை 6ஆம் வகுப்பில் 8 + 4 = ☐ + 5 என்று கரும்பலகையில் எழுதினார் ஆசிரியை. பாதி வகுப்பு 12 என்றது, சிலர் 17 என்றார்கள். சமக்குறி என்றால் ‘இதோ விடை வருகிறது’ என்றே அவர்கள் இத்தனை நாள் படித்திருக்கிறார்கள். இரு பக்கமும் சமம் என்று யாரும் அழுத்திச் சொன்னதில்லை. இந்தப் புரிதலோடு 7ஆம் வகுப்பில் இயற்கணிதத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 10 வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது, ஐந்தாறு ஆண்டு கழித்து இயற்கணிதத்தில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்று 2012இல் ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரின் குழுவினர் அமெரிக்க, பிரிட்டன் மாணவர்களின் தரவுகளை வைத்து எழுதினார்கள். நாம் 8ஆம் வகுப்பில் தேடிக்கொண்டிருந்த ஓட்டை 5ஆம் வகுப்பிலேயே விழுந்தது.

சரி, புதுத் திட்டத்துக்கு வருகிறேன். அது ஒரே ஒரு தாள். எந்தத் தவறைத் திருத்தப் போகிறோம், அதற்கு எந்த வகுப்பில், எந்த ஆசிரியர், என்ன செய்வார், ஆறு வாரம் கழித்து எதை வைத்துப் பார்ப்போம் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது.

பின்னத்துக்கு எண்கோட்டை எடுத்துக்கொண்டோம். வகுப்பறைச் சுவரில் 0 முதல் 2 வரை கயிறு கட்டி, சீட்டுகளைப் பிள்ளைகளே மாட்டினார்கள். இதில் ஒரு நாள் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் 1/2 சீட்டை மாட்டிவிட்டு, தன் விடையான 2/5 சீட்டை எடுத்துக்கொண்டு போனாள். கயிற்றில் இடம் தேடினாள். அரைக்கு முன்னால்தான் அதற்கு இடம் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். “டீச்சர், அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், எப்படி அரையைவிடக் குறைஞ்சுது?” ஆசிரியை பதில் சொல்லவில்லை. “அதான் எனக்கும் தெரியலை” என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். அந்தப் பத்து நிமிடத்தை இந்த ஆண்டின் பெரிய வரவாக நான் என் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

வகுப்பின்படி உட்கார வைக்காமல், படிப்பில் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அதன்படி பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துத் தினமும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுப்பதையும் தொடங்கினோம். ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல காலமாகச் செய்துவரும் முறை இது. 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் களத்தில் சோதித்துப் பார்த்த முறையும்கூட. இதில் நாம் ஒரு தப்பு செய்தோம். இரண்டாவது வாரமே ஒரு பையன் வீட்டில் போய், “நான் மக்கு குரூப்பில் இருக்கேன்” என்று சொல்லியிருக்கிறான். அவன் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அப்புறம்தான் பின்னத்துக்கு ஒரு குழு, வாசிப்புக்கு வேறு குழு என்று பிரித்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை கலைத்துப்போடத் தொடங்கினோம். ஒன்றில் பின்னால் இருப்பவன் இன்னொன்றில் முன்னால் இருந்தான். பெயர் வைப்பது தானாகவே நின்றது. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பழைய பாடத்திலிருந்து ஐந்து கேள்வி, மதிப்பெண் கிடையாது. திருப்பித் திருப்பிப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள் என்று 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் காட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் ‘இன்னொரு தடவை படி’ என்று சொல்வதற்குப் பதில் ‘புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்’ என்று சொன்னால் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

நோட்டுத் திருத்துவதில்தான் சண்டை வந்தது. 1988இல் ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. மதிப்பெண் இல்லாமல் வெறும் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் போட்டவுடன் அந்தப் பலன் போய்விட்டது. மதிப்பெண்ணைப் பார்த்த பிள்ளை குறிப்பைப் படிப்பதில்லை. அதை நம்பி மதிப்பெண் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தால், பெற்றோர் பலர் கொதித்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் இதே பேச்சு. குறிப்பைப் பார்த்துப் பிள்ளை திருத்தி எழுதி வந்த பிறகு மதிப்பெண் போடுவது என்று கடைசியில் முடிவானது. சமரசம்தான். ஆனாலும் ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது என்பதற்காகப் பெற்றோரிடம் சொல்லாமல் தொடங்கியது நம் தவறு, அதைப் பதிவு செய்கிறேன்.

வருகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதத்துக்கு இரண்டு நாள் லீவு பெரிதாகத் தெரியாது. பத்து மாதத்தில் 20 நாள். பள்ளி 200 நாள் நடந்தால் அது பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் இந்த அளவைத் தொட்டாலே தொடர் வருகையின்மை என்று தனியாகக் கவனிக்கிறார்கள். பதிவேட்டில் ‘சுமார்’ என்று தெரிந்த பிள்ளைகள் சிலர் இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். வீட்டுக்குப் போன் செய்து பேசியதில் பாதிக்கு மேல் அப்போதே சரியானது.

தோற்றதையும் சொல்ல வேண்டும். தினமும் 20 நிமிடம் அமைதி வாசிப்பு என்று ஒன்று வைத்தோம். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள், வாசிக்கவில்லை. தாளைப் புரட்டும் சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்டது. வாசிக்கத் திணறும் பிள்ளையைத் தனியாகப் புத்தகத்தோடு உட்கார வைத்தால் அது என்ன செய்யும்? உரக்க வாசிக்கச் சொல்லி பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். அதற்குத் தன்னார்வலர்களாகப் பெயர் கொடுத்த பெற்றோர் ஒன்பது பேர். கடைசிவரை வந்தவர்கள் மூன்று பேர். வராத ஆறு பேரில் செயற்குழு உறுப்பினர்களும் உண்டு, நானும் பல நாள் போகவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பெயர் தெரிந்துவிடும் அளவுக்குச் சிறிய வகுப்புகள் என்பதால் எண்களை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. தலைமையாசிரியரிடம் பார்த்துக்கொள்ளலாம். அதே பின்னக் கேள்விகளை ஆண்டு இறுதியில் மீண்டும் கொடுத்தோம், 2/5 அடுக்கு நன்றாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் புதிதாக ஓர் அடுக்கு முளைத்திருக்கிறது. கூட்டலுக்கு மட்டும் தேவையான ஒன்றை, பின்னப் பெருக்கலுக்கும் பகுதிகளை (கீழே இருக்கும் எண்களை) சமப்படுத்துவதை, செய்யத் தொடங்கிவிட்டார்கள்! தவிர, பிள்ளைகளுக்கு ஒரு வயது கூடியும் இருக்கிறது. திட்டமே இல்லாவிட்டாலும் கொஞ்சம் தேறியிருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வகுப்பு எதுவும் நம்மிடம் இல்லை. எல்லாம் திட்டத்தால்தான் என்று நான் மார்தட்ட மாட்டேன்.

இவை எல்லாம் நடந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நேர அட்டவணையை உடைத்து, நான்கு ஆசிரியர்களுக்கும் வாரத்தில் ஒரே நேரத்தில் ஒரு பீரியட் ஓய்வு கிடைக்கும்படி தலைமையாசிரியர் செய்து கொடுத்தார். அந்த 40 நிமிடத்தில்தான் அவர்கள் தாள்களை விரித்து வைத்துப் பேசினார்கள். அட்டவணை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். வரும் ஆண்டில் யாராவது லீவில் போனால் முதலில் பறிபோவதும் அந்தப் பீரியட்தான். அதைத் தொடக்கூடாது என்று இந்தப் பொதுக்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. 5ஆம் வகுப்பு ஆசிரியர்களையும் அந்தச் சந்திப்புக்கு மாதம் ஒரு முறை அழைக்க வேண்டும், வாசிப்புக்குத் தன்னார்வலர் பட்டியலைப் புதிதாக எடுக்க வேண்டும் என்பன மற்ற இரண்டு கோரிக்கைகள். பட்டியல் தாள் வாசலருகே இருக்கிறது. வர முடிந்தவர்கள் மட்டும் பெயர் எழுதுங்கள்.

சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்த ஆசிரியர்களுக்கும், கயிறு கட்ட ஆணி அடித்துக் கொடுத்த அலுவலக உதவியாளருக்கும், வாசலில் நிறுத்திக் கேட்ட அந்த அம்மாவுக்கும் கழகத்தின் நன்றி.

இவ்வறிக்கையையும் மேற்சொன்ன மூன்று தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்,
பெற்றோர் ஆசிரியர் கழகம்