ஃபார்மட் போடும் முன் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாகக் கடை ஷட்டரைத் தூக்கும் முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. எடுத்தால் இரண்டில் ஒன்று. “அண்ணே, சாஃப்ட்வேர் திறக்க மாட்டேங்குது, லைசென்ஸ் இல்லேங்குது.” இல்லாவிட்டால், “சார், சிங்க் போகுது.” அதாவது படமும் சத்தமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. சாலிகிராமத்திலும் வடபழனியிலும் டப்பிங் தியேட்டர் வைத்திருப்பவர்கள், கச்சேரி ரெக்கார்டிங் போகிறவர்கள், வீட்டு மாடியில் ஓர் அறையை ஸ்டூடியோவாக்கிக்கொண்டவர்கள் என்று எல்லாருக்கும் இதே இரண்டு தலைவலிதான். போனில் துண்டு துண்டாகச் சொல்வதை ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கன்சோல் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் சரி.

முதலில் ஒரு சம்பவம். ஸ்டூடியோ பெயர் வேண்டாம், அவர் இதைப் படித்தால் சிரிப்பார். காலை பத்து மணிக்கு ஆர்ட்டிஸ்ட் வருகிறார். எட்டரைக்கு சாஃப்ட்வேர் திறக்கவில்லை, லைசென்ஸ் செல்லாது என்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போட்டார். அதே பதில். இன்னொருவர் சொன்னார் என்று விண்டோஸையே ஃபார்மட் அடித்துவிட்டார். ஒன்பதரைக்கு எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் போய்த் திரையின் வலது மூலையைப் பார்த்தோம். தேதி பல வருடங்கள் பின்னால் போய் நின்றிருந்தது.

மதர்போர்டில் சி.ஆர். 2032 என்று ஒரு காசு பேட்டரி இருக்கும். கணினிக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தினமும் இரவு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற ஸ்டூடியோக்களில் அது சீக்கிரம் தீரும். பேட்டரி தீர்ந்தால் தேதி பழைய காலத்துக்கு ஓடிவிடும். வருடச் சந்தா கட்டி வாங்கிய லைசென்ஸ் அந்தத் தேதியைத்தான் நம்புகிறது. தேதி பின்னால் போனால் யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்ளும். அப்டேட் வந்து கெடுத்துவிடும் என்று ரெக்கார்டிங் கணினிக்கு இன்டர்நெட்டே கொடுக்காமல் வைத்திருப்போம், நல்ல பழக்கம்தான். ஆனால் அதனாலேயே தேதி தானாகத் திருந்த வழியும் இருக்காது. பேட்டரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஃபார்மட்டில் காணாமல் போன நாலைந்து பிளக்இன் (மெயின் சாஃப்ட்வேரோடு சேர்த்துக்கொள்ளும் துணை சாஃப்ட்வேர்) லைசென்ஸ்களை மீட்கத்தான் ஒரு வாரம் ஆனது.

ஏன் ஒரு வாரம்? லைசென்ஸ் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால் புரியும். ஐலாக் என்ற லைசென்ஸ் காக்கும் முறையில் மூன்று இடங்கள் உண்டு: யு.எஸ்.பி. டாங்கிளில் (பென் டிரைவ் போன்ற சாவி) இருக்கலாம், கணினிக்குள்ளேயே இருக்கலாம், கிளவுடில் இருக்கலாம். டாங்கிளில் இருந்தால் கணினியை என்ன செய்தாலும் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. கணினிக்குள் இருந்தால், ஃபார்மட் போடுவதும் மதர்போர்டை மாற்றுவதும் குடியிருக்கிற வீட்டை இடித்த கதை. முன்கூட்டியே ஐலாக் லைசென்ஸ் மேனேஜரைத் திறந்து ‘டீஆக்டிவேட்’ கொடுத்து வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காமல் இடித்துவிட்டால், அந்த பிளக்இன்னை விற்ற நிறுவனத்துக்கு மெயில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கிளவுடில் இருந்தால் வேலை நடக்கும்வரை இன்டர்நெட் வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் கிளவுட் செஷன் திறக்கும். வீட்டு லேப்டாப்பில் நேற்று ராத்திரி திறந்து மூடாமல் வந்துவிட்டு, ஸ்டூடியோவில் லைசென்ஸ் இல்லை என்று கூப்பிடுகிறவர்கள் வாரம் ஒருவராவது இருக்கிறார்கள். எல்லா லைசென்ஸையும் கிளவுடில் வைக்க முடியாது, அதை அனுமதிப்பது விற்கிற நிறுவனம்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் தொங்குகிற பவர் இல்லாத யு.எஸ்.பி. ஹப்பில் அதைச் செருகாதீர்கள். கணினியின் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். முன்பக்கத்தில் செருகி முழங்கால் இடித்து வளைந்துபோன டாங்கிள்கள் எங்கள் மேசை டிராயரில் கிடக்கின்றன. டாங்கிளில் விளக்கு எரிந்தும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றால் விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, ‘பேஸ் லைசென்ஸ் சர்வீசஸ்’ ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஓட விடுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

நியூவெண்டோ, கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. 2022-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து டாங்கிள் தேவையில்லை, கணக்கில் உள்ளே போனால் மூன்று கணினிகள் வரை ஆக்டிவேட் செய்யலாம். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கான இ-லைசென்சர் என்ற லைசென்ஸ் சேவை 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் பழைய பதிப்பில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கணினியைக் கண்ணாடிப் பாத்திரம்போல் வைத்துக்கொள்ளுங்கள்; ஃபார்மட் என்ற பேச்சே வேண்டாம்.

இனி சிங்க். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ராத்திரி முழுக்க வீணாகப்போகிறது.

சிங்க் போகிறது என்று சொன்னவுடன் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எப்படிப் போகிறது? தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு தள்ளி நிற்கிறதா? தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுகிறதா? ஓர் இடம்வரை சரியாக வந்து, திடீரென்று குதித்து, அதன்பின் அப்படியே நிற்கிறதா? இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

குதித்தால் பெரும்பாலும் உங்கள் கணினியில் குற்றமில்லை. எடிட்டர் ஆபீஸில் ஏதோ ஒரு ஷாட்டில் ஏழு பிரேமை (படம் ஓடும்போது அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள்) வெட்டிவிட்டுப் புது வெர்ஷன் அனுப்பியிருப்பார்கள், நீங்கள் பழைய ரீலுக்குப் பேசியிருப்பீர்கள். ரீல் எண்ணோடு தேதியும் படத்தின் மேலேயே பதித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

போகப்போக விலகினால் கால்குலேட்டரை எடுங்கள். அண்மையில் ஒரு தம்பி 18 நிமிடக் குறும்படம் கொண்டுவந்தார். முதல் வசனம் உதட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, கடைசி வசனம் ஒரு நொடிக்கு மேல் பிந்தி வந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாக வெட்டி நகர்த்தியிருக்கிறார், பாவம். அளந்து பார்த்தோம்: 26 பிரேம். 18 நிமிடம் என்றால் 1,080 நொடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.08 நொடி. நொடிக்கு 24 பிரேம் கணக்கில் அது 26 பிரேம்தான். அந்த ‘ஆயிரத்தில் ஒன்று’ கண்ணில் பட்டாலே திருடன் அகப்பட்டான் என்று அர்த்தம்: நொடிக்கு 23.976 பிரேமுக்கும் 24 பிரேமுக்கும் உள்ள வித்தியாசம் அது.

அமெரிக்காவில் 1953-இல் கலர் டி.வி.க்கு வழிவிட 30 பிரேமைச் சற்றே மெதுவாக்கி 29.97 ஆக்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் 23.976. நம் டி.வி. 25, நம் சினிமா 24, நமக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கேமரா மெனு அந்த ஊர்க் கணக்கில் வருகிறதே! பல கேமராக்களில் ‘24பி’ என்று போட்டிருப்பது உண்மையில் 23.976, சுத்தமான 24 வேண்டுமென்றால் ‘24.00’ என்று தனியாக இருக்கும். தம்பியின் கேமராவில் 23.976-இல் எடுத்ததை எடிட்டில் 24 என்று வைத்து ஓட்டியிருக்கிறார்கள். படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடிவிட்டது, சத்தம் தன் நடையில் வந்தது. எடிட்டில் ஒரு செட்டிங்கை மாற்றி ரீலைத் திரும்ப வாங்கினோம், முடிந்தது. தியேட்டருக்குப் போகும் டி.சி.பி. (டிஜிட்டல் பிரதி) 24-இல்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், படப்பிடிப்புக்கு முந்தைய நாளே கேமராமேனிடம் ‘24.00’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இதே குழப்பம் இன்னொரு வேஷத்திலும் வரும். லொகேஷன் ரெக்கார்டர் எழுதும் வேவ் ஃபைலுக்குள் நேரம் மணி நிமிடமாக இருக்காது. நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் (சத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்த அளவுகள்) என்ற எண்ணிக்கையாக இருக்கும். அதை டைம்கோடாக (மணி, நிமிடம், நொடி, பிரேம்) மாற்றிக் காட்டுவது உங்கள் செஷனின் (சாஃப்ட்வேரில் திறந்திருக்கும் வேலை) பிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிரேம் என்பது. 23.976, 24 இரண்டில் ரெக்கார்டர் ஒன்றிலும் செஷன் மற்றொன்றிலும் இருந்தால், காலை பத்து மணிக் காட்சி 36 நொடி தள்ளிப்போய் விழும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். புரோ டூல்ஸில் செஷன் செட்டப் ஜன்னலையும், ரீப்பரில் பிராஜெக்ட் செட்டிங்ஸையும் திறந்து பிரேம் ரேட்டைப் பாருங்கள்.

சுருதியே மாறிவிட்டால் காது சொல்லிவிடும். 24-இல் இருந்ததை 25-இல் ஓட்டினால் அரைக்கட்டையில் முக்கால் பங்கை நெருங்கி ஏறும். நொடிக்கு 44,100 சாம்பிளில் பதிந்ததை மாற்றாமல் 48,000-இல் ஓட்டினால் கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறும். பாடகர் கேட்டால் முகம் சுளிப்பார், அவருக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

கச்சேரி ரெக்கார்டிங் செய்பவர்களின் குறை கொஞ்சம் நுட்பமானது. பிரேம் ரேட் எல்லாம் சரி, முதலில் கைதட்டிச் சேர்த்ததும் சரி, வர்ணம்வரை பிசிறில்லை. இரண்டரை மணி நேரம் கழித்துத் தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கக்காரர் கை தோலில் விழுந்தபிறகு சொல் கேட்கிறது. டைம்கோட் போட்டிருந்தோமே என்பார்கள். டைம்கோட் மைல்கல், எங்கே நிற்கிறோம் என்று மட்டும் சொல்லும். எந்த வேகத்தில் நடப்பது என்பதை முடிவு செய்வது கருவிக்குள் இருக்கும் படிகக் கடிகாரம். ஒரே மைல்கல்லில் இருவர் சேர்ந்து புறப்பட்டாலும் நடை வேறென்றால் போய்ச் சேரும் நேரம் வேறுதானே? இரண்டு கருவிகளின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 30 பங்கு வித்தியாசப்பட்டால் போதும், இரண்டரை மணி நேரத்தில் கால் நொடிக்கு மேல் போய்விடும். 25 பிரேமில் ஏறக்குறைய ஏழு பிரேம். மிருதங்கத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். வேர்ட் கிளாக் கேபிள் போட்டு ஒன்றை மற்றதன் நடைக்குக் கட்டுங்கள், செஷன் செட்டப்பில் கிளாக் சோர்ஸ் ‘இன்டர்னல்’ என்பதை மாற்ற மறக்காதீர்கள். கேபிள் இழுக்க முடியாத கேமராவா? நிறுத்தாமல் ஓடும் டைம்கோட் பெட்டியை அதன் தலையில் மாட்டி, எடிட்டில் பாட்டுக்குப் பாட்டு புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் ஆடியோ டிராக்கில் எல்.டி.சி. (டைம்கோடைச் சத்தமாக எழுதும் முறை) பதிபவர்கள் ஒரு தடவை ஹெட்போனில் அதைக் கேட்டுப் பாருங்கள். பழைய ஃபேக்ஸ் மெஷின் கத்துவதுபோல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரேமுக்கும் 80 பிட் அந்தக் கத்தலுக்குள் ஒளிந்திருக்கிறது. கேமராவின் ஆட்டோ கெயினும் இரைச்சல் நீக்கும் வடிகட்டியும் அதைச் சத்தம் என்று நினைத்து நசுக்கிவிடும். இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

போனில் எடுத்த வீடியோவுக்கு டப்பிங் செய்பவர்களுக்கு: அதில் பிரேம் ரேட் நிலையாக இருக்காது, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக் என்ற சாஃப்ட்வேரில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ கொடுத்து மாற்றியபிறகே செஷனுக்குள் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, ஒரே அளவு தள்ளி நிற்கும் வகை. முதலில் பீப்பைப் பாருங்கள். 24 பிரேம் ரீலில் லீடர் (படத்துக்கு முன் வரும் எண்ணிக்கைத் துண்டு) 01:00:00:00-இல் தொடங்கினால், பீப் 01:00:06:00-இல் ஒரே ஒரு பிரேம் கேட்கும், படம் 01:00:08:00-இல் வரும். பீப் சரியான இடத்தில் இருந்தும் ஆர்ட்டிஸ்ட் பேசுவதெல்லாம் பிந்துகிறதென்றால் அவரைத் திட்டாதீர்கள், பூத்தில் மாட்டியிருக்கும் பெரிய டி.வி.யைத் திட்டுங்கள். படத்தை அழகாக்குகிறேன் என்று அது சில பிரேம் உள்ளே வைத்துக்கொண்டுதான் காட்டும். டி.வி.யில் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். மிச்சத்தை அளக்க உங்கள் போனே போதும்: ஸ்லோ மோஷனில் 240 பிரேமில் டி.வி.யைப் படம்பிடியுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று. பீப் கேட்பதற்கும் திரையில் வெள்ளை மின்னுவதற்கும் நடுவே எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். பத்து வந்தால் ஒரு சினிமா பிரேம். அந்த அளவை சாஃப்ட்வேரின் வீடியோ சிங்க் ஆஃப்செட்டில் கொடுத்துவிட்டால் ஆர்ட்டிஸ்டுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

எங்களைக் கூப்பிடும்போது திரையில் வந்த எச்சரிக்கையை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். “ஏதோ எரர் வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்” என்றால் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. சிங்க் விஷயமென்றால் ரீலின் தொடக்கத்திலும் கடைசியிலும் எத்தனை பிரேம் விலகல் என்ற இரண்டு எண்கள் போதும். போனிலேயே சரியானால் காசு வாங்குவதில்லை. ஞாயிறு கடை கிடையாது, ஆனால் பைனல் மிக்ஸ் நடந்துகொண்டிருந்தால் தயங்காமல் அடியுங்கள்.

சி.ஆர். 2032 பேட்டரி கவுண்டரில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் வரும்போது ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள், பில் கிடையாது.

அன்புடன்,
கடையிலிருந்து
சாலிகிராமம், சென்னை