மூச்சைக் கண்டே அஞ்சுவோருக்கு எந்த யோகா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக்குப் பிந்தைய மனநலத்துக்கு யோகா துணைபுரியும் என்று வலியுறுத்திய தங்கள் கட்டுரையை, பல ஆண்டுகளாக யோகா கற்பித்து வருபவள் என்ற முறையில் வரவேற்கிறேன். கொரோனாவின் முதல் ஆண்டிலேயே மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. கொரோனாவுக்காக அந்நிறுவனம் அறிவித்திருந்த அவசரநிலை 2023 மே மாதத்தில் விலக்கப்பட்டுவிட்டாலும், அச்சம் நீங்காதவர்களை வகுப்புகளில் இன்றும் காண்கிறோம்.

ஆயினும், எந்தப் பயிற்சி யாருக்கு உகந்தது என்பதைக் கட்டுரை விரித்துரைத்திருக்கலாம். கொரோனா மூச்சைத் தாக்கிய நோய். விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டிக்கொண்டு, அளவு 94க்குக் கீழே இறங்கிவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருந்த ஒருவரிடம், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால், அமைதிக்கு மாறாக அந்தப் பழைய பீதியே திரும்பக்கூடும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளில் இரத்தத்தின் கரியமில வாயு குறைந்து தலைச்சுற்றலும் படபடப்பும் ஏற்படலாம். பீதியால் அவதிப்படுபவர் அதை நோய் திரும்பியதாகவே எண்ணிக்கொள்வார். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மூச்சைக் கண்டு அஞ்சுவோர் கண்களைத் திறந்தபடியே கைகளை உயர்த்தித் தாழ்த்தும் எளிய அசைவுகளில் தொடங்கி, மனம் பழகிய பின்னர், உள்மூச்சைவிட வெளிமூச்சைச் சற்றே நீட்டிப் பழகுவது நல்லது. நிதானமான வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு தணிகிறது. மூச்சை அடக்கும் கும்பகம் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்வோர், யோகாவை நம்பி மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவது பேராபத்து. வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் வகுப்பில் சொல்லும்போது, கூடுதலாக ஓர் ஆசனம் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் வேலையன்று. உடனே மனநல மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதே கடமை. அதற்கான பயிற்சியை யோகா ஆசிரியர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு அளிக்க வேண்டும். உலக யோகா நாளான ஜூன் 21 அன்று மைதானங்களில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்குத் தந்தாலே போதும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐ எல்லா யோகா கூடங்களிலும் கண்ணில் படும்படி எழுதிவைக்கவும் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
யோகா ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.